பைத்தான் என்று கூப்பிட்டால் யார் வருவது?

ஒரு பழைய மண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு கணக்குப்பிள்ளை. வயதானவர், சில விஷயங்களில் பிடிவாதக்காரர், ஆனால் மண்டியின் ஒவ்வொரு வரவும் செலவும் அவர் கை வழியாகத்தான் போகும். ஒரு நாள் முதலாளி இளைஞர் ஒருவரைக் கொண்டுவந்து பக்கத்து மேஜையில் உட்கார வைக்கிறார். கெட்டிக்காரர்தான். ஆனால் பெரியவர் எழுதிவைத்த பேரேடு இவருக்குப் புரியாது, இவர் எழுதுவது பெரியவருக்குப் புரியாது. இப்போது உள்ளேயிருந்து யாரோ "கணக்குப்பிள்ளை!" என்று குரல் கொடுத்தால் இருவரில் யார் எழுந்து போவது?

லினக்ஸ் உலகம் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடத்துக்கும் மேல் குடித்தனம் நடத்தியது. அந்தக் கணக்குப்பிள்ளையின் பெயர் பைத்தான்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். இருக்கிறது. ஒருவர் எடுக்கும் முடிவின் செலவு இன்னொருவர் கணக்கில் போய் விழுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். பாடப் புத்தகத்தில் வரும் ஆலைப் புகை உதாரணத்தைவிட இது சுவாரஸ்யமானது. :-)

முதலில் கதைச் சுருக்கம். பைத்தான் என்ற நிரல்மொழியை உருவாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம். 1991-ல் வெளியே வந்தது. 2000-ல் இரண்டாம் பதிப்பு. படிக்க எளிது, எழுத எளிது, எந்த லினக்ஸ் கணினியைத் திறந்தாலும் உள்ளே இருக்கும் என்பதால் சின்னச் சின்னக் கருவிகளையெல்லாம் அதில் எழுதிக் குவித்தார்கள். பிறகு 2008 டிசம்பர் 3 அன்று பைத்தான் 3.0 வந்தது. வழக்கமாக ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால் பழைய கோப்புகளும் அதில் திறக்கும். இது அப்படி இல்லை. மொழியின் பழைய தவறுகளைத் திருத்த வேண்டும், அதற்காகப் பழைய நிரல்கள் ஓடாமல் போனாலும் பரவாயில்லை என்று தெரிந்தே முடிவு செய்து வெளியிட்டார்கள்.

என்ன தவறுகள்? சிலது சில்லறை. திரையில் ஒரு வரியைக் காட்டும் 'பிரிண்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி கட்டாயமானது. இதை மாற்றாமல் விட்டால் நிரல் ஓடவே ஓடாது, பிழை என்று உடனே கத்தும். கத்துகிற பிழை நல்ல பிழை. கத்தாத பிழைகள்தான் ஆபத்து. பழைய பைத்தானிடம் 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் 3 என்று சொல்லும். ஏழு ரூபாயை இரண்டு பேருக்குப் பிரித்தால் தலைக்கு மூன்று. மீதி ஒரு ரூபாய் எங்கே என்று கேட்காதீர்கள். புதிய பைத்தான் 3.5 என்று சரியாகச் சொல்லும். அதேபோல 2.5-ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் பழையது 3 என்றது; புதியது 2 என்கிறது. சரியாகப் பாதியில் நின்றால் பக்கத்திலிருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குப் போக வேண்டும் என்ற, வங்கிக்காரர் முறை என்று பெயர்பெற்ற வழக்கத்தை அது எடுத்துக்கொண்டது. இரண்டு பதிப்பிலும் நிரல் சமர்த்தாக ஓடும். விடை மட்டும் வேறு. ஒரு கணக்குத் தணிக்கையாளர் தூக்கத்தில் அலறி எழுந்திருக்க இது போதும்.

ஆனால் உண்மையான பெரிய மாற்றம் எழுத்து சம்பந்தப்பட்டது. தமிழில் எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண் நிற்கும். ஆங்கில எழுத்துகள் எல்லாம் 127-க்குள் அடங்கிவிடும். ஆக, ஆங்கிலத்தில் ஓர் எழுத்து என்றால் ஒரு பைட், கணக்கு முடிந்தது. தமிழ் அப்படி இல்லை. யூனிகோடில், யூடிஎஃப்-8 வடிவத்தில், ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். 'தமிழ்' என்ற சொல்லையே பாருங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் ஐந்து குறியீடு: த, ம, இகரக் கொக்கி, ழ, மேலே ஒரு புள்ளி. பைட் கணக்கில் பதினைந்து. பழைய பைத்தானிடம் மேற்கோள்குறிக்குள் 'தமிழ்' என்று எழுதி நீளம் கேட்டால் 15 என்று சொல்லும். புதியதிடம் கேட்டால் 5. (3 என்று சரியாகச் சொல்ல ஓபன்-தமிழ் போன்ற தனி நூலகம் வேண்டும். அது வேறு கதை.)

பழைய பைத்தானிலும் யூனிகோடு இருந்தது. இல்லாமல் இல்லை. ஆனால் அது இரண்டாம் தர உறுப்பினர் மாதிரி. முன்னால் ஒரு சிறப்பு எழுத்துப் போட்டால்தான் யூனிகோடு. போடாவிட்டால் வெறும் பைட் வரிசை. இரண்டையும் ஒரே நிரலில் கலந்தால், பைட்டுகள் எல்லாம் ஆங்கிலம்தான் என்று அது தானாகவே முடிவு செய்துகொள்ளும். யூடிஎஃப்-8 முறையில் எந்தத் தமிழ் எழுத்தை எடுத்தாலும் அதன் முதல் பைட் 224. 127-ஐத் தாண்டிய அந்த எண்ணைப் பார்த்ததும், இதை என்னால் படிக்க முடியாது என்று ஒரு பிழைச் செய்தியைக் கொடுத்துவிட்டு நிரல் படுத்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நிரலை எழுதியவரின் கணினியில் இது ஒருபோதும் நடக்காது. அவர் கோப்புகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்திருப்பார். எல்லாம் 127-க்குள். வருடக்கணக்கில் நன்றாக ஓடும். பிறகு எங்கோ ஒருவர் தன் பாட்டுக் கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பார், அன்று உடையும். தவறு எழுதியவர் கண்ணில் படாது, பயன்படுத்துகிறவர் தலையில் விழும். திஸ்கி, டாப் என்று தளத்துக்கு ஓர் எழுத்துரு இறக்கித் திண்டாடிய காலத்தை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இந்த மாதிரி வலி புதிதில்லை.

பைத்தான் 3 இந்த இடத்தில் கறாராக நின்றது. எழுத்து வேறு, பைட் வேறு. இரண்டையும் கலக்க விடமாட்டேன். மாற்ற வேண்டுமானால் எந்த முறையில் என்று நீயே சொல். நியாயமான தீர்ப்பு. ஆங்கிலத்தைத் தவிர வேறு எதிலும் எழுதாத ஒரு நிரலாளருக்கு இது வெட்டி வேலையாகத் தெரிந்திருக்கும். அவர் நிரல் நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்தது, இன்று ஓடவில்லை, லாபம் என்ன என்றால் அவருக்கு ஒன்றும் இல்லை. லாபம் உலகத்தின் மற்ற மொழிக்காரர்களுக்கு.

சரி, செலவு?

இங்கேதான் டிஸ்ட்ரோ வருகிறது. லினக்ஸ் என்று பேச்சுவழக்கில் சொல்வது கெர்னலை மட்டும் அல்ல. அதன்மேல் ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் தேர்ந்து, ஒன்றோடொன்று சண்டை போடாமல் கட்டி, ஒரே வட்டிலோ ஒரே தளத்திலோ கொடுப்பதுதான் டிஸ்ட்ரோ. டெபியன், ஃபெடோரா, உபுண்டு, ஆர்ச், ஜென்டூ எல்லாம் அந்த ரகம். 2023-ல் வந்த டெபியன் 12-ல் மட்டும் 64,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள். இவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஒருவர், டெபியனுக்காகக் கட்டிக் கொடுப்பவர் வேறொருவர். அந்த இரண்டாமவருக்குப் பராமரிப்பாளர் என்று பெயர். டெபியனில் பெரும்பாலும் தன்னார்வலர்கள். பகலில் வேறு வேலை, இரவில் இது.

மொழியை மாற்றியவர்கள் புதிய பதிப்பை வெளியிட்டதோடு அவர்கள் வேலையில் பெரும்பகுதி முடிந்தது. நிரல் எழுதியவர் விரும்பினால் மாறலாம், இல்லாவிட்டால் பழையதிலேயே இருக்கலாம். நடுவில் மாட்டிக்கொண்டவர் பராமரிப்பாளர். ஏனென்றால் எல்லாமும் ஒரே கூரையின்கீழ் ஒன்றாக ஓட வேண்டிய இடம் அவருடையது.

அதிலும் ஒரு சிக்கல். ஒரு டிஸ்ட்ரோவின் கை கால்களே பைத்தானில் எழுதப்பட்டவை. ஃபெடோராவிலும் ரெட் ஹாட்டிலும் மென்பொருள் நிறுவும் 'யம்' என்ற கருவி பழைய பைத்தானில் எழுதியது. ஃபெடோராவைக் கணினியில் ஏற்றும் நிறுவி அனகோண்டாவும் பைத்தான். ஜென்டூவின் போர்ட்டேஜும் பைத்தான். பைத்தானை மாற்ற வேண்டுமென்றால் நிறுவும் கருவி வேண்டும், நிறுவும் கருவியோ பைத்தானில்தான் ஓடுகிறது. நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டுகிற வேலை.

சென்ட்ஓஎஸ் 6 வைத்திருந்த சர்வர் நிர்வாகிகளைக் கேட்டால் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அழுது முடித்துவிட்டதால். அதில் இருந்தது பைத்தான் 2.6. புதிய நிரல் ஒன்றுக்குப் புதிய பைத்தான் தேவைப்படும். நிர்வாகி தானே அதைக் கட்டி நிறுவி, 'பைத்தான்' என்ற பெயர் இனிமேல் புதியதைக் குறிக்கட்டும் என்று ஓர் இணைப்பை மாற்றிவிடுவார். நிரல் ஓடும். சந்தோஷம். சில நாள் கழித்து வேறு எதையோ நிறுவ 'யம்' என்று தட்டினால் அது பிழை மேல் பிழையாகக் கக்கும். ஏனென்றால் யம் கோப்பின் முதல் வரியில் 'என்னை பைத்தானை வைத்து ஓட்டு' என்றுதான் எழுதியிருக்கிறது. எந்த பைத்தான் என்று எழுதவில்லை. எழுதிய காலத்தில் ஒருவர்தானே இருந்தார்! இணைப்பைப் பழையபடி மாற்றினால் உயிர் திரும்பிவிடும். ஆனால் எது செத்தது என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி ராத்திரி போயிருக்கும்.

இந்தப் பெயர்ப் பிரச்சினைக்கு டிஸ்ட்ரோக்கள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதின. அவற்றைப் பார்த்தாலே ஒவ்வொன்றின் குணமும் தெரியும்.

ஆர்ச் அவசரக்காரர். எதுவும் புதிதாக இருக்க வேண்டும். 2010 அக்டோபரில், அதாவது பைத்தான் 3 வந்து இரண்டு வருடம்கூட நிறையாதபோதே, 'பைத்தான்' என்றால் இனி 3-தான் என்று மாற்றிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் முக்கியமான நூலகங்கள் பலவும் 3-க்கு வரவே இல்லை. வெளியிலிருந்து எந்த நிரலை இறக்கினாலும் முதல் வரியில் வெறும் 'பைத்தான்' என்று இருக்கும், ஆர்ச்சில் உடையும். ஆர்ச் பராமரிப்பாளர்கள் அந்த முதல் வரிகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தார்கள். மற்ற டிஸ்ட்ரோக்காரர்களுக்குக் கோபம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: யாராவது ஒருவர் இப்படி உடைத்திருக்காவிட்டால், எவ்வளவு நிரல்கள் இந்தப் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கின்றன என்று தெரிந்திருக்காது.

அதன் பிறகுதான், 2011-ல், பைத்தான் தரப்பிலிருந்து பெப் 394 என்ற ஆவணம் வந்தது. இப்போதைக்கு 'பைத்தான்' என்றால் 2 ஆகவே இருக்கட்டும். நிரல் எழுதுகிறவர்கள் 'பைத்தான்2' அல்லது 'பைத்தான்3' என்று தெளிவாக எழுதுங்கள் என்று ஆலோசனை. நல்ல ஆலோசனைதான், மூன்று வருடம் தாமதம். அப்போது பல கணினிகளில் 'பைத்தான்2' என்ற பெயரே கிடையாது! இல்லாத பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் என்ன செய்வது?

ஃபெடோரா திட்டமிட்டு நடந்தவர். பின்னால் ரெட் ஹாட் நிறுவனம் இருக்கிறது, சம்பளம் வாங்கிக்கொண்டு பைத்தானைப் பார்த்துக்கொள்ளும் குழு இருக்கிறது. 'யம்' கருவிக்குப் பதில் 'டிஎன்எஃப்' வந்தது. 2015 நவம்பரில் வந்த ஃபெடோரா 23-ல் டிஎன்எஃப்பும் நிறுவியும் பைத்தான் 3-ல் ஓடின. எந்த பேக்கேஜ் மாறியது, எது மாறவில்லை, எது யாருக்காகக் காத்திருக்கிறது என்று வண்ணம் போட்டுக் காட்ட போர்ட்டிங்டிபி என்று ஒரு பக்கமே நடத்தினார்கள். 2019 அக்டோபரில் வந்த ஃபெடோரா 31-ல்தான் 'பைத்தான்' என்ற பெயரை 3-க்குக் கொடுத்தார்கள். ஆர்ச்சுக்கு ஒன்பது வருடம் பின்னால், ஆனால் சத்தமில்லாமல்.

ரெட் ஹாட்டின் வணிகப் பதிப்பு, 2019 மே மாதம் வந்த 8, இன்னும் ஒரு படி போனது. அந்தப் பெயரையே எடுத்துவிட்டார்கள். நிறுவியதும் 'பைத்தான்' என்று தட்டினால் அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று பதில். நிறுவும் கருவிகள் எல்லாம் உள்ளறையில் யாரும் தொட முடியாத தனி பைத்தான் ஒன்றை வைத்து ஓடின. சென்ட்ஓஎஸ் 6 பாதி ராத்திரிகளிலிருந்து கற்ற பாடம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

டெபியன் கதைதான் இதில் நீளமானது, மனசைத் தொடுவதும்கூட.

நூலகங்கள் ஒன்றின்மேல் ஒன்று நிற்கும். மேலே ஒரு படக் கருவி, அதன்கீழே ஒரு நூலகம், அதன்கீழே இன்னொன்று. புதிய பைத்தானுக்கு மாறுவது கீழிருந்து மேலே நடக்க வேண்டும். அடியில் உள்ளது மாறாமல் மேலே உள்ளது மாற முடியாது. ஆனால் பழைய பைத்தானை நீக்குவது மேலிருந்து கீழே நடக்க வேண்டும். மேலே உள்ள கடைசி ஆள் விடும்வரை அடியில் உள்ளதை உருவ முடியாது. ஒரே கட்டடத்தில் ஒரு கூட்டம் கீழிருந்து ஏறுகிறது, இன்னொரு கூட்டம் மேலிருந்து இறங்குகிறது, படிக்கட்டு ஒன்றுதான்.

போதாததற்குச் சுற்றுச் சிக்கல்கள். ஒரு நூலகத்தைக் கட்டும்போது சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனைக் கருவி வேண்டும். அந்தச் சோதனைக் கருவியைக் கட்ட அதே நூலகம் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்பார்களே, அதே கதை. இப்படிப்பட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக, சோதனையைத் தற்காலிகமாக நிறுத்தி, கட்டி, திரும்பச் சேர்த்து, மறுபடி கட்டி அவிழ்த்தார்கள்.

2019-ல் டெபியன் 10 வெளிவந்த கையோடு, அடுத்த பதிப்பில் பைத்தான் 2 இருக்காது என்று பழையதைப் பிடித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு பேக்கேஜ் மீதும் ஒரு பிழை அறிக்கை பதிந்தார்கள். ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றும் ஒரு பராமரிப்பாளரின் அஞ்சல்பெட்டியில் போய் விழுந்தது.

அந்தப் பராமரிப்பாளரின் இடத்தில் இருந்து பாருங்கள். பத்து வருடம் முன்னால் ஆசைப்பட்டு ஒரு சின்ன மென்பொருளை டெபியனுக்குள் கொண்டுவந்தார். அதை எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். அஞ்சல் போட்டால் பதில் இல்லை. பெற்றவர் ஊரைவிட்டுப் போய்விட்டார், பிள்ளை மட்டும் இவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. இப்போது மூன்று வழி. தானே உட்கார்ந்து முழு நிரலையும் மாற்றலாம். மாற்றினால் அன்றிலிருந்து சட்டப்படி இல்லாவிட்டாலும் தர்மப்படி இவர்தான் தகப்பன். இல்லை, யாராவது மாற்றுவார்கள் என்று காத்திருக்கலாம். இல்லை, நீக்கிவிடலாம். நீக்கினால் அதை நம்பியிருக்கும் யாரோ ஒருவர் திட்டி எழுதுவார். முதல் வழிக்கு அவருக்குக் கிடைக்கும் கூலி பூஜ்யம். மூன்றாவதுக்குக் கிடைப்பது வசவு.

மாற்றுவதற்கு உதவிக் கருவிகள் இருந்தன, மறுப்பதற்கில்லை. '2டு3' என்று ஒரு கருவி பழைய நிரலைப் புதியதாக மாற்றிக் கொடுக்கும். அடைப்புக்குறி போடுவது மாதிரியான வேலைகளை ஒழுங்காகச் செய்யும். ஆனால் ஒரு வரியில் உள்ளது எழுத்தா பைட்டா என்பதை எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். அது கருவிக்கு எப்படித் தெரியும்? ஒரே நிரல் இரண்டு பைத்தானிலும் ஓட 'சிக்ஸ்' என்று ஒரு நூலகம் வந்தது. ஏன் சிக்ஸ்? இரண்டு பெருக்கல் மூன்று ஆறு. :-) இடையில் மொழிக்காரர்களும் கொஞ்சம் இறங்கிவந்தார்கள். நீக்கிய யூனிகோடு முன்னெழுத்தை 2012-ல் 3.3 பதிப்பில் திரும்ப அனுமதித்தார்கள். பைட்டுகளை வைத்து வரி அமைக்கும் பழைய வசதியை 2015-ல் 3.5 பதிப்பில் திரும்பக் கொடுத்தார்கள். முதல் நாளே இவை இருந்திருந்தால் எத்தனை இரவுகள் மிச்சமாகியிருக்கும் என்ற கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை.

பிறகு கெடு நீட்டிப்பு. பைத்தான் 2-க்கு 2015-ல் முடிவு என்று சொல்லியிருந்தவர்கள், 2014-ல் அதை 2020-க்குத் தள்ளிவைத்தார்கள். தேர்வை ஒரு வாரம் தள்ளிவைத்தால் அந்த வாரம் யாராவது படிப்பார்களா? கடைசி மூன்று நாள் எப்போதும் கடைசி மூன்று நாள்தான். இங்கேயும் அதேதான் நடந்தது.

பிடிவாதக்காரர்களும் இருந்தார்கள். மின்னூல்களுக்குப் பெயர்பெற்ற காலிபர் மென்பொருளை எழுதிய கோவிட் கோயல், மாறச் சொல்லிக் கேட்டபோது, பைத்தான் 2-ஐத் தேவைப்பட்டால் தானே பராமரித்துக்கொள்ள முடியும் என்கிற தொனியில் பதில் சொன்னார். லட்சக்கணக்கான வரிகளைச் சும்மா மாற்றி அமைக்க எவருக்கும் மனசு வராது என்பதையும் யோசிக்க வேண்டும். கடைசியில் மற்றவர்களும் சேர்ந்து கைகொடுக்க, 2020 செப்டம்பரில் காலிபர் 5 பைத்தான் 3-ல் வந்தது. மாறாத துணைநிரல்கள் அன்றோடு வேலை செய்யாமல் போயின. மெர்க்கூரியல் இன்னும் பாவம். கோப்புகளின் பதிப்புகளைக் காக்கும் கருவி அது. கோப்பில் உள்ளதையும் கோப்பின் பெயரையும் பைட் பைட்டாக, மாற்றாமல் வைத்திருப்பதுதான் அதன் தொழில். எழுத்து வேறு பைட் வேறு என்ற புதிய சட்டம் அதன் வயிற்றில் அடித்தது. மாறி முடிக்கப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது.

சாதாரணப் பயனாளருக்கு வலி தெரிந்தது கிம்ப்பில். படம் திருத்தும் மென்பொருள். அதன் பைத்தான் துணைநிரல்கள் பழைய பைத்தானையும் பைஜிடிகே என்ற பழைய நூலகத்தையும் நம்பியிருந்தன. 2020-ல் உபுண்டு 20.04 வந்தபோது அந்தப் பகுதி நீக்கப்பட்டுவிட்டது. புகைப்படத்தில் நடுவில் வந்து நிற்கும் வேண்டாத ஆளைத் தேர்ந்தெடுத்து, சுற்றியிருக்கும் பின்னணியை வைத்தே அழிக்கும் ஒரு வசதி இருந்தது. அதுவும் போய்விட்டது. கணினியைப் புதுப்பித்தவர்களுக்குக் காரணம் புரியவில்லை. நேற்று இருந்த மெனு இன்று இல்லை, அவ்வளவுதான். பராமரிப்பாளர்களுக்குச் சேர்ந்த வசவுகளில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

2020 ஏப்ரல் 20 அன்று பைத்தான் 2-இன் கடைசி வெளியீடு, 2.7.18. அதே மாதம் 23-ஆம் தேதி உபுண்டு 20.04. 28-ஆம் தேதி ஃபெடோரா 32, பைத்தான் 2-க்கு ஓய்வு கொடுத்த பதிப்பு. அப்போதும் ஃபெடோராவின் ஓரத்தில் ஒரு பழைய பைத்தானைத் தனியாக விட்டுவைத்திருந்தார்கள். அதற்கு ஒரு பெரிய காரணம் அதே கிம்ப்தான். 2024 அக்டோபரில் வந்த ஃபெடோரா 41-ல்தான் அதுவும் வெளியேறியது. கிம்ப் 3.0, பைத்தான் 3 துணைநிரல்களோடு, 2025 மார்ச்சில் வெளியானது.

காசு இருந்தவர்களுக்கு நேரம் கிடைத்தது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். ரெட் ஹாட்டின் 8-ஆம் பதிப்பில் பைத்தான் 2.7-க்கு 2024 ஜூன்வரை ஆதரவு தந்தார்கள். சந்தா கட்டிய நிறுவனங்கள் நிதானமாக மாறிக்கொண்டன. அந்தச் செலவு ஏதோ ஒரு நிறுவனத்தின் லாப நட்டக் கணக்கில், ஏதோ ஒரு தலைப்பின்கீழ் இருக்கும். டெபியன் பராமரிப்பாளரின் இரவுகள் எந்தக் கணக்கிலும் இல்லை. பற்றும் இல்லை, வரவும் இல்லை. ஆனால் அந்த இரவுகள் இல்லாவிட்டால், தமிழில் கோப்புப் பெயர் வைத்தால் கருவி உடையும் காலம் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும்.

மொழியை மாற்றியது தவறா? எழுத்து விஷயத்தில் அந்த மாற்றம் வந்தே ஆக வேண்டும். அது வந்த விதத்தில்தான் குறை. மாற்று வழியைக் கையில் கொடுக்காமல் பழைய வழியை மூடினார்கள், பிறகு மூன்று நான்கு வருடம் கழித்து அதே வழியைப் பாதி திறந்தார்கள். அந்த மூன்று நான்கு வருடத்தின் செலவு தேவையில்லாதது.

டெபியனில் வேலை அப்படி இப்படி என்று இழுத்து, 2021 ஆகஸ்டில் வந்த டெபியன் 11-ல் பைத்தான் 2.7 பெயரளவுக்கு மட்டும் இருந்தது. குரோமியம் உலாவி மாதிரி சிலவற்றைக் கட்டுவதற்கு அது தேவைப்பட்டதால் விட்டுவைத்தார்கள். 2023 ஜூன் 10 அன்று வந்த டெபியன் 12-ல் அதுவும் இல்லை. பெரியவர் மேஜையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்.

அப்போது அந்தப் பெயர்? டெபியன்காரர்கள் அதை இளையவருக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. பழைய நிரல் ஏதாவது ஒன்று பெரியவரை நினைத்துக்கொண்டு கூப்பிட்டு, இளையவர் போய் நின்று, 7-ஐ 2-ஆல் வகுத்து வேறு விடை சொல்லிவிட்டால்? அதனால் அந்தப் பெயரைக் காலியாகவே விட்டார்கள். வேண்டும் என்கிறவர்களுக்கு 'பைத்தான் என்றால் பைத்தான் 3' என்றே பெயர் வைத்த ஒரு குட்டி பேக்கேஜ் இருக்கிறது. அதை நிறுவினால் ஓர் இணைப்பை உருவாக்கும், வேறு ஒன்றும் செய்யாது. நிறுவாவிட்டால், டெபியனில் இன்றைக்கும் 'பைத்தான்' என்று தட்டினால் அப்படி ஒரு கட்டளை இல்லை என்றுதான் பதில் வரும். 'பைத்தான்3' என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.